மார்பிள் தரையைத் தேய்த்து 6 ஆண்டு: இப்போது எப்படி இருக்கிறது?

எங்கள் வீட்டு மார்பிள் தரையை முழுக்கத் தேய்த்து பாலிஷ் போட்டு 6 ஆண்டு முடிந்துவிட்டது. வேலை முடிந்த மறுநாள் எந்தத் தரையும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன்.

விரிசலையும் உடைந்த மூலைகளையும் பசை வைத்து அடைத்த பிறகுதான் மெஷினை இறக்கினார்கள். முதலில் 50ஆம் நம்பர் டைமண்ட் பேட், அதாவது வைரத்தூள் பதித்த தேய்ப்பு வட்டு. நம்பர் கூடக் கூட அது நைசாகத் தேய்க்கும். கல்லுக்குக் கல் இருந்த மேடுபள்ளம் அதில்தான் போனது. அப்புறம் 100, 200, 400, 800, 1500, 3000. தண்ணீர் விட்டே தேய்த்ததால் தூசி பறக்கவில்லை. ஆனால் பால் போன்ற சேறு சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தெறித்தது. சுவரோரம் பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயிண்ட் செலவு தனியாக வந்தது.

கூடம் இன்றும் நன்றாகவே இருக்கிறது. பின் அறையில்தான் சிக்கல். கடைசி நாள் அவசரத்தில் அங்கே 200க்கு அப்புறம் நேராக 800 போட்டுவிட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன நடக்கிறது என்று புரியவில்லை. அன்றைக்குப் பளபளப்பில் ஒரு குறையும் தெரியவில்லை. சில மாதம் கழித்து, சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்தபோது வட்ட வட்டமாகக் கீறல். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பர் போட்ட கீறலை எடுப்பதற்குத்தான். நடுவில் ஒன்றை விட்டால் கீறல் அப்படியே இருக்க, அதன் மேலேயே மினுமினுப்பு ஏறிவிடும்.

கறை உள்ளே ஊறாமல் கல்லின் நுண்துளைகளில் பூசும் சீலரை அடித்துவிட்டால் கவலையே இல்லை என்றார்கள். பாதிதான் சரி. எண்ணெய், காபி சிந்தினால் கல்லுக்குள் ஊறும் முன் துடைக்க நேரம் கிடைக்கிறது. எலுமிச்சைச் சாறு வேறு விஷயம். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கறை பிடிப்பதில்லை, கல்லையே அது அரிக்கிறது. அடுப்பங்கரையில் நாணய அளவுக்கு மங்கிய வட்டங்கள் வந்தன. எதைப் போட்டுத் துடைத்தும் போகாத கடுப்பில், குளியலறைக்கு வாங்கிய அமிலக் கிளீனரை ஒரு வட்டத்தில் தேய்த்தேன். நாணயம் தட்டாகிவிட்டது! இப்போது அமிலமும் காரமும் இல்லாத, மார்பிளுக்கென்றே விற்கும் திரவம் மட்டும்தான்.

வாசல் பக்கம் 2 ஆண்டிலேயே நடக்கும் தடம் தெரிந்தது. காரணம் செருப்பு மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7, மார்பிளுக்கு 3தான். கால்மிதி போட்டோம், தாமதமாக.

4ஆம் ஆண்டில் வாசலையும் அடுப்பங்கரையையும் மட்டும் மறுபடி தேய்த்தபோது 400உடன் நிறுத்தச் சொன்னேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, ‘பாதி வேலை’ என்றார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கீறலும் அமிலத் தடமும் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை, ஈரக்காலோடு நடந்தாலும் வழுக்கல் குறைவு. புழங்கும் இடத்துக்குக் கண்ணாடிப் பாலிஷ் வீண் என்பது என் கருத்து.

சீலர் இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை சில சொட்டுத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துப் பார்ப்பேன். கல் கருத்திருந்தால் மறுபடி அடிக்க வேண்டும்.

பின் அறையை 400இலிருந்து திரும்பத் தொடங்க வேண்டுமாம். அதற்காக அறையைக் காலி செய்ய யாருக்கும் மனமில்லை. சாயங்காலமானால் அந்த ஜன்னல் திரையை இழுத்து விட்டுவிடுகிறோம்.