பக்கவாதத்துக்குப் பின் கைப்பயிற்சி: நல்ல கையைக் கட்டுவதா, கண்ணாடி வைப்பதா?

பக்கவாதத்தால் செயல் குன்றிய கையை மீட்க, நல்ல கையைக் கட்டுப்படுத்தும் முறை, கண்ணாடி முறை என இரு பயிற்சிகள் உள்ளன.

முதலாவதின் வேர், அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளில் செய்த ஆய்வுகளில் இருக்கிறது. ஒரு முன்கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்கு, தசைகள் இயங்கும் நிலையில் இருந்தும் அக்கையைப் பயன்படுத்துவதில்லை. நல்ல கையைக் கட்டிவைத்தாலோ மீண்டும் பயன்படுத்தத் தொடங்குகிறது. பிறந்த அன்றே இரு முன்கைகளிலும் உணர்வை இழந்த குட்டிகள்கூட அவற்றை ஊன்றி நகர்ந்ததை அவரது குழு 1973இல் வெளியிட்டது. அவ்விலங்குகள் பட்ட வேதனையை மறைத்து இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

மனிதர்களுக்கான மூல வடிவத்தில், நோயாளி விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு நல்ல கையில் தடித்த கையுறை அணிந்து, இரு வாரங்கள், வார நாள்களில் சுமார் 6 மணி நேரம், குவளையை எடுப்பது, பொத்தான் போடுவது போன்ற செயல்களைப் படிப்படியாகப் பழக வேண்டும். 222 பேர் பங்கேற்று 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு, வழக்கமான சிகிச்சையைவிட இதில் கூடுதல் முன்னேற்றம் கண்டது. ஆனால் இதைச் செய்ய, பாதிக்கப்பட்ட கையின் மணிக்கட்டும் விரல்களும் சிறிதளவாவது நிமிர வேண்டும்.

கண்ணாடி முறைக்கு அந்த நிபந்தனை இல்லை. பாதிக்கப்பட்ட கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை அதன் பிம்பத்தைப் பார்த்தபடி அசைக்கிறார்கள். செலவும் களைப்பும் குறைவு. எனினும், விரல்கள் ஓரளவு அசையும் ஒருவருக்கு, அன்றாட வேலைகளையே பயிற்சியாக்கும் முதல் முறையைத்தான் நான் முன்வைப்பேன். அசைவே இல்லாதவருக்குக் கண்ணாடியில் தொடங்குவதே பொருத்தம்.