பழனிக்கு நடந்து வருகிறவர்கள் கவனத்துக்கு: 4,800 ரூபாய் போய்விட்டது

சண்முகநதிப் படித்துறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முங்கிக் குளித்தும் கோபம் ஆறவில்லை. நேற்று இரவு மடத்துக்குளத்தில் நடந்தது இது.

பொள்ளாச்சியிலிருந்து ஆறு பேர் வருகிறோம். வழக்கமாக மண்டபத்திலோ கடைத் திண்ணையிலோ படுத்துக்கொள்வோம். இந்த முறை அம்மாவுக்கு இரண்டு பாதத்திலும் கொப்புளம். தைப்பனி வேறு. அறை எடுக்கலாம் என்று சொன்னது நான்தான்.

உடுமலையில் மோர்ப்பந்தலில் நின்றபடி வரைபடச் செயலியில் தேடினேன். அமராவதிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி, நல்ல படங்கள், கீழே கைபேசி எண். எடுத்த எடுப்பிலேயே "முருகா சரணம், சொல்லுங்கள் சாமி" என்றான். மாலை போட்டவனைச் சாமி என்று கூப்பிடுகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? அம்மாவுக்கு வெந்நீர் வேண்டும் என்றேன். "உப்புப் போட்டே வைக்கச் சொல்கிறேன், கொப்புளத்துக்கு இதமாக இருக்கும்" என்றான். அந்த உப்பில்தான் விழுந்தேன். முன்பணம் 1,000 அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில், பூச நெரிசல், முழுத்தொகை வந்தால்தான் அறை நிற்கும் என்று மீதி 3,800 கேட்டான். அதையும் அனுப்பினேன். ஆக 4,800.

இரவு ஒன்பதரைக்கு வாசலில் போய் நின்றோம். விடுதி உண்மை, எண் பொய். பலகையில் இருந்தது வேறு எண். "இந்த வாரம் நீங்கள் மூன்றாவது கூட்டம்" என்றார் மேசையில் இருந்தவர், ஏதோ மழை நிலவரம் சொல்வது போல. அப்படியானால் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டக்கூடாதா ஐயா? பதில் இல்லை. அறையும் இல்லை.

திரும்ப அழைத்தபோது சாமி போய் 'சார்' வந்துவிட்டது. பணம் திரும்ப வேண்டுமானால் இன்னொரு 4,800 அனுப்ப வேண்டுமாம், இரண்டும் சேர்ந்து 9,600 ஆக வந்துவிடுமாம். தம்பி கைபேசியைப் பிடுங்கியிராவிட்டால் அனுப்பியே இருப்பேன், அவ்வளவு அசதி. பிறகு எண் அணைந்துவிட்டது.

வங்கிக்கு அழைத்தால், நீங்களே ரகசிய எண் அழுத்தி அனுப்பியதற்கு நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள். செயலியில் புகார் செய்தால், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வருகிறது. 4,800 ரூபாய் கருத்தா? இணைய மோசடிக்கான உதவி எண் 1930ஐ அழைத்ததில் ஒரு புகார் எண் கொடுத்தார்கள், இதுவரை கிடைத்தது அது ஒன்றுதான்.

அம்மா பூட்டிய கடை வாசலில் சாக்கு விரித்துப் படுத்தார். "முருகன் கணக்கு" என்கிறார். எனக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை.

பின்னால் வருகிறவர்களே, செயலியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், திருத்தம் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் எண்ணை மாற்றப் பார்க்கலாம். அறையைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பழனியில் தேவஸ்தான விடுதி வேண்டுமானால் கோயில் அலுவலகத்திலேயே கேளுங்கள். ஏமாந்தால் அந்த நிமிடமே 1930, விடியட்டும் என்று இருக்காதீர்கள். இன்னும் எழுத இருக்கிறது, ஆனால் கூட்டம் கிளம்பிவிட்டது. அம்மா விஞ்ச் வேண்டாம், படியேறித்தான் வருவேன் என்று முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்.