புதுக் குடியிருப்பு வளாகத்துக்குப் பொதுக்கலை: வண்ணமா, கண்ணாடியா, இரும்பா?

கீழே கடை, நடுவே அலுவலகம், மேலே வீடு என்று கட்டும்போது பொதுக்கலைக்கென்று ஒரு தொகையை ஒதுக்கும் மேம்பாட்டாளர்கள் உண்டு. கோலாலம்பூரின் செந்தூலாக இருந்தாலும் பினாங்கின் ஜெலுத்தோங்காக இருந்தாலும், அந்தத் தொகைக்கு எதை வாங்குவது என்ற பேச்சு பெரும்பாலும் கணினிப் படத்தின் அழகில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. இங்கே அளவுகோல் வேறு. எட்டாம் ஆண்டில் அதை யார் பராமரிப்பார்கள், எந்தப் பணத்தில்?

வீட்டு உரிமையாளருக்குச் சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம்தான் மேம்பாட்டாளர் குறைகளைத் திருத்தித் தர வேண்டும். 2013ஆம் ஆண்டு ஸ்த்ராத்தா (அடுக்குமாடிச் சொத்து) நிர்வாகச் சட்டப்படி, சாவி கொடுத்த 12 மாதத்துக்குள் ஜேஎம்பியின், அதாவது மேம்பாட்டாளரும் வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்த கூட்டு நிர்வாக அமைப்பின், முதல் பொதுக்கூட்டம் நடக்க வேண்டும். பிறகு பிளாசா எனும் பொதுமுற்றமும் அதில் நிற்கும் சிலையும் ஜேஎம்பியின் தலையில். பெரிய செலவுக்கு இருப்பது சிங்கிங் ஃபண்ட். பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடாகச் சேரும் பணம் அது. லிஃப்ட், நீர்த்தொட்டி, கூரைக் கசிவு எல்லாம் அந்தப் பணத்தையே நம்பியிருக்கும்போது வெளிறிய ஓவியத்துக்கு முறை வருவது கடைசியில்தான். கடைக்காரர் "கூட்டம் வருகிறது, புதுப்பியுங்கள்" என்பார். பதினெட்டாம் மாடிக்காரர் "நான் ஏன் கட்ட வேண்டும்?" என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

வண்ணச் சுவரோவியம்

மலிவு, வேகம், செய்தியில் இடம். 2012இல் பினாங்கின் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக ஓவியர் எர்னஸ்ட் சக்காரேவிச் தீட்டிய படங்களுக்குப் பிறகு எல்லா வளாகமும் ஒரு சுவரோவியம் கேட்கிறது. லெபோ ஆர்மேனியனில் சைக்கிளில் போகும் பிள்ளைகளின் படத்துக்கு அழகு கொடுத்ததில் உண்மையான சைக்கிளுக்கும் உதிர்ந்த பழஞ்சுவருக்கும் பெரும் பங்கு உண்டு. கார் நிறுத்துமிடத்தின் மொட்டைச் சுவரில் அதே பாணியை ஒட்டினால் வெறும் நகல்தான் கிடைக்கும். பினாங்கில் அந்தப் படங்களே வெயிலிலும் மழையிலும் மங்கி, மறுபடி தீட்ட வேண்டி வந்தது.

10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் உள்ள சுவரை வைத்துக் கணக்குப் பார்ப்போம். 60 சதுர மீட்டர். சொரசொரப்பான பூச்சில் ஒரு லிட்டர் 8 சதுர மீட்டர்தான் போகும். சிமெண்டின் காரம் தாங்கும் பிரைமர் ஒரு தடவை அடிக்க 7.5 லிட்டர், தூய அக்ரிலிக் அடிவண்ணம் இரண்டு தடவை அடிக்க 15 லிட்டர், அதன்மேல் படம். வண்ணம் சின்னச் செலவு. ஏறி நிற்பதற்கான செலவுதான் பெரிது. 18 மீட்டர் உயரம் எட்டும் பூம் லிஃப்ட்டின் (ஆளை மேலே தூக்கும் நீள்கை இயந்திரம்) எடை சுமார் 10 டன்; பிளாசாவுக்குக் கீழே கார் பார்க் இருந்தால் தளம் அதைத் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் உள்ளே விடக் கூடாது. பத்து மலையில் 2006இல் எழுந்த 42.7 மீட்டர் முருகன் சிலைக்குப் பொன்வண்ணம் மட்டும் 300 லிட்டர் ஆனதாகச் சொல்வார்கள். ஆனால் பராமரிக்கிறவர் கேட்க வேண்டியது லிட்டரை அல்ல, அந்த உயரத்துக்குச் சாரம் கட்ட எவ்வளவு ஆகும் என்பதை.

கெடுவது எங்கே? முதலாவது, அவசரம். புதுச் சிமெண்ட் பூச்சு 28 நாள் காய வேண்டும். திறப்பு விழா நெருங்குகிறதென்று பத்தாம் நாளே தீட்டினால் சுவரின் உப்பு வெள்ளையாகப் பூத்து வண்ணத்தைத் தள்ளும். இரண்டாவது, ஏர்கோன் குழாய். மேல்மாடியில் யாரோ ஒருவர் தண்ணீர்க் குழாயைச் சுவர் ஓரமாக இறக்குவார்; ஆறே மாதத்தில் ஓவியத்தின் முகத்தில் பச்சைக் கோடு விழும். கட்டட வரைபடத்திலேயே அந்தச் சுவருக்கு மேல் குழாய் வரக் கூடாது என்று எழுதுங்கள், சுவரின் மேல்விளிம்பில் நீர் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடும் வையுங்கள். மூன்றாவது, நிறம். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், ஃபுளோரசென்ட் நிறங்கள் சில மாதத்தில். இரும்பு ஆக்ஸைடு காவி, பழுப்பு வகைகள் நீடித்து நிற்கும். மேற்குப் பார்த்த சுவருக்கு 5 ஆண்டு ஆயுள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நேர்மை.

கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழையை எண்ணிக் காலை வேளையில் வேலை நடக்க வேண்டும். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். செப்டம்பர், அக்டோபர் வேண்டாம். கட்டுமானம் முடியாத இடத்துக்குள் கலைஞரும் உதவியாளர்களும் சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பச்சை அட்டை இல்லாமல் நுழைய முடியாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜார்ஜ்டவுன் மரபுரிமைப் பகுதிக்குள் என்றால் எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகர் மன்றம்) அனுமதியும் வேண்டும். அங்குள்ள சுண்ணாம்புச் சுவரில் அக்ரிலிக் பூசுவது தவறு. ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளம் வரும். சிலிகேட் வண்ணம்தான் பொருந்தும்.

கண்ணாடி மொசைக்

நம் சாய்வு இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை. தேசிய அருங்காட்சியகம் 1963இல் திறந்தது. முகப்பின் இரு பக்கமும் சியோங் லாய் தோங் வடிவமைத்த இத்தாலியக் கண்ணாடி மொசைக் படங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். மலாய் மொழி நிறுவனமான டேவான் பஹாசாவின் கட்டடத்தில் இஸ்மாயில் முஸ்தாம் செய்ததும் அதே காலத்தது. அறுபது ஆண்டு கோலாலம்பூர் வெயிலிலும் நிறம் நிற்பதற்குக் காரணம், நிறம் கண்ணாடியின் உள்ளேயே இருப்பதுதான்.

20 மில்லிமீட்டர் சில்லு, 2 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 2,000க்குச் சற்று மேல். நம் 60 சதுர மீட்டர் சுவருக்கு 120,000க்கும் அதிகம். பசையோடு சேர்த்து சதுர மீட்டருக்கு 13 முதல் 15 கிலோ, மொத்தம் ஏறத்தாழ 850 கிலோ. கான்கிரீட் சுவருக்கு இது பாரமே இல்லை. ஆனால் பூச்சு சுவரோடு ஒட்டாமல் இருந்தால் மொசைக்கும் பூச்சும் சேர்ந்தே விழும். எனவே ஒட்டும் முன் முழுச் சுவரையும் தட்டிப் பாருங்கள். டொப்பென்று கேட்கும் இடத்தை உடைத்துப் புதிதாகப் பூச வேண்டும்.

பசை வெள்ளையாக இருக்க வேண்டும். சாம்பல் நிறப் பசை கண்ணாடியின் ஊடே தெரிந்து படத்தையே மங்கவைக்கும். வலையில் ஒட்டி வரும் தகடுகள் வசதியானவை, ஆனால் அந்த வலையின் பசை தண்ணீரில் கரையும் வகை என்றால் வெளிச்சுவரில் சில மழைக்காலத்துக்குப் பிறகு சில்லுகள் கொத்தாகக் கழன்று வரும். முகப்பில் காகிதம் ஒட்டி வரும் வகை பாதுகாப்பானது. படம் இடவலம் மாறித் தயாராகும் என்பதால் ஒவ்வொரு தகடுக்கும் எண் போட்டு, தரையில் பரப்பிச் சரிபார்த்த பிறகே சுவருக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாடித் தளத்தின் கோட்டிலும், 3 முதல் 4.5 மீட்டருக்கு ஒருமுறையும் அசைவு இணைப்பு (சுவர் விரிந்து சுருங்க விடும் இடைவெளிக் கோடு) விட வேண்டும். கலைஞர்கள் அந்தக் கோடு படத்தை வெட்டுகிறதென்று வருந்துவார்கள். இணைப்பு எங்கே வரும் என்று வரையத் தொடங்கும் முன்பே அவர்களிடம் கொடுத்துவிட்டால் அதையே கிளையாகவோ சாலையாகவோ ஆக்கிவிடுவார்கள். ஒவ்வொரு நிறத்திலும் 5 விழுக்காடு உபரிச் சில்லுகளை அதே தொகுதியில் வாங்கிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அதே நீலம் கிடைக்காது.

முதல் செலவு வண்ணத்தைவிடப் பல மடங்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் மேற்குச் சுவரில் 20 ஆண்டுக்குள் வண்ணத்தை மூன்று தடவையாவது மறுபடி தீட்ட வேண்டும், ஒவ்வொரு தடவையும் பூம் லிஃப்ட் வாடகையும் கலைஞரின் கட்டணமும் சேரும். அதைக் கூட்டிப் பார்த்தால் இடைவெளி வெகுவாகக் குறையும். பட்ஜெட் போதவில்லையா? 60 சதுர மீட்டர் வண்ணத்துக்குப் பதில் கண் மட்டத்தில் 12 சதுர மீட்டர் மொசைக் வாங்குங்கள். கடை முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் நடப்பவர் பார்ப்பது அந்த உயரத்தைத்தான்.

இரும்புக் கம்பிச் சித்திரம்

பினாங்கு அரசு ஸ்கல்ப்சர் அட் வொர்க் குழுவைக் கொண்டு ஜார்ஜ்டவுனில் வைத்த 52 கம்பிக் கேலிச்சித்திரங்கள் இதற்கு நல்ல மாதிரி. தெருவின் கதையை அதே தெருவின் சுவரில் சொல்கின்றன, சுவரை மறைப்பதில்லை.

10 அல்லது 12 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் கம்பி, ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்குவது), மேலே எப்பாக்ஸி, பாலியூரித்தேன் பூச்சு. வளைத்தல், பற்றவைத்தல், துளையிடுதல் எல்லாம் முடிந்த பிறகே துத்தநாகக் குளியலுக்குப் போக வேண்டும். பிறகு தளத்தில் வைத்து ஒரு புள்ளி வெல்ட் அடித்தாலும் துரு அங்கிருந்துதான் தொடங்கும். சுவரிலிருந்து 25 முதல் 30 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தினால் தண்ணீர் தேங்காது, துருக்கறை வடியாது. 316 ரக ஸ்டெயின்லெஸ் நட்டுக்கும் கம்பிக்கும் நடுவே நைலான் வாஷர் வேண்டும். இல்லையென்றால் இரு உலோகமும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டு, கம்பியின் துத்தநாகம் அரிக்கும். பினாங்கின் கர்னி கடற்கரைப் பக்கம் 304 ரகம் வைத்தால் தேநீர் நிறக் கறை விரைவிலேயே வந்துவிடும். துருப்பிடித்த தோற்றத்துக்காகக் கட்டடக் கலைஞர்கள் ஆசைப்படும் கோர்ட்டன் எஃகுக்கு நனைந்து காயும் சுழற்சி தேவை. உப்புக்காற்றில் அது நிலைப்பதில்லை, கீழே உள்ள கிரானைட்டையும் காவியாக்கும்.

பிள்ளைகள் எட்டும் உயரத்தில் 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையிலான இடைவெளி விடாதீர்கள். உடல் நுழைந்து தலை சிக்கும் அளவு அது.

தனித்து நிற்கும் சிற்பம், தரை, விளக்கு

சிற்பத்தில் கெடுவதெல்லாம் அடியில்தான். பிளாசா என்பது பெரும்பாலும் கார் பார்க்கின் கூரை. சதுர மீட்டருக்கு 500 கிலோ தாங்க வடிவமைத்த தளத்தில், ஒரு சதுர மீட்டர் பீடத்தில் 2 டன் வெண்கலத்தை நிறுத்த முடியாது. தளம் வார்க்கும் முன்பே பாரத்தையும் ஆங்கர் (தளத்தில் பதிக்கும் பிடிமானக் கம்பி) இடத்தையும் சொல்லிவிட்டால் செலவு அற்பம். நீர்த்தடுப்புப் படலம் போட்ட பிறகு துளையிட்டால் அதன் உத்தரவாதம் போகும், கீழே நிற்கும் காரின் மேல் தண்ணீர் சொட்டும். 6 மீட்டர் போம்பா (தீயணைப்பு வண்டி) பாதையையும் மறிக்கக் கூடாது. பட்டியல் பார்த்து வாங்கும் ஆயத்த ஃபைபர் யானை, மான் வகையறா மலிவுதான். சில ஆண்டில் வெயிலில் சுண்ணாம்புப் பொடியாக உதிரும், பக்கத்து வளாகத்திலும் அதே மான் நிற்கும்.

தரையில் கோலம் பதிக்கலாம் என்ற யோசனை பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடத்தில் கட்டாயம் வரும். பெயிண்டில் வேண்டாம், மழையில் வழுக்கும். சொரசொரப்பாக முடித்த கல்லில் நிறக்கல் பதிப்பதே சரி. புள்ளியும் கோடும் மிதிபடலாம். தெய்வ உருவமோ தமிழ் எழுத்தோ காலடியில் வந்தால் முதல் வாரமே புகார் வரும். சுவரென்றாலும் சரி, மூன்று இனப் பிள்ளைகள் கைகோத்துச் சிரிக்கும் படம் மட்டும் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்இடி விளக்குக் கலை, திரை: வேண்டாம். விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் பெட்டி செத்தால் மாற்று இருக்காது, எதிர் வீட்டுக்காரர் தூங்க முடியாது. வேண்டுமானால் கோலாலம்பூரின் லோரோங் பங்கோங்கில் 2019இல் திறந்த குவாய் சாய் ஹோங் சந்து செய்வதுபோல் பண்டிகைக்குப் பண்டிகை மாறும் தற்காலிக அமைப்புக்கு நான்கு மின் இணைப்பும் கொக்கிகளும் வைத்துவிடுங்கள்.

யாரிடம், எப்படிக் கொடுப்பது

நேரடியாக ஒருவரிடம் கொடுப்பது சிறு வேலைக்குச் சரி. திறந்த அழைப்பு ஜனநாயகமாகத் தெரியும், ஆனால் நூறு விண்ணப்பத்தைப் படிக்க ஆள் வேண்டும். மூத்த கலைஞர்கள் சம்பளமில்லாமல் வரைய வருவதில்லை. பெரிய வேலைக்கு மூன்று அல்லது நான்கு பேரை அழைத்து, ஒவ்வொருவருக்கும் யோசனைக் கட்டணம் கொடுத்து, ஒருவரைத் தேர்வது மேல். நான்கைந்து மாதம் பிடிக்கும். தோற்றவரின் யோசனை அவருக்கே சொந்தம் என்று முன்பே எழுதிக் கொடுங்கள். தேர்வுக் குழுவில் கட்டடப் பராமரிப்பு மேலாளர் ஒருவர் அவசியம் இருக்க வேண்டும், "இதை எப்படிக் கழுவுவது?" என்று கேட்பவர் அவர்தான்.

கலைத் தொகையைப் பிரதான ஒப்பந்தக்காரரின் கணக்குக்குள் தற்காலிகத் தொகையாக வைக்காதீர்கள். செலவைக் குறைக்க வேண்டி வரும்போது முதல் வெட்டு அங்கேதான் விழும். மேம்பாட்டாளர் கலைஞரோடு நேரடியாக ஒப்பந்தம் போடுவதே நல்லது. கட்டணத் தவணை 10, 35, 30, 20, கடைசி 5 விழுக்காடு ஓர் ஆண்டு கழித்து. கலைஞர் வங்கி அல்ல; பொருள் வாங்கும் முன் பாதிக்குக் கிட்டவாவது கையில் இருக்க வேண்டும்.

1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, வேறு ஏற்பாடு இல்லையென்றால் கேட்டு வாங்கிய படைப்பின் உரிமை வாங்கியவருக்குப் போகும். 25ஆம் பிரிவின் தார்மீக உரிமை (படைப்பில் தன் பெயர், அதைச் சிதைக்காதிருத்தல்) கலைஞரிடமே நிற்கும். இந்த இடம் தெளிவில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு கோலாலம்பூரில் நின்ற, சையத் அஹ்மாட் ஜமாலின் புஞ்சாக் பூர்ணாமா சிற்பம் சாட்சி. 1986இல் நீல மொசைக்கோடு எழுந்து, பின்னர் எஃகுத் தகடு போர்த்தப்பட்டு, கவனிப்பாரற்றுக் கிடந்து, கடைசியில் 2016இல் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) அதை இடித்துத் தள்ளியது. ஆகவே மாற்றுவது, இடம் பெயர்ப்பது, அகற்றுவது ஒவ்வொன்றுக்கும் யாரிடம், எத்தனை நாள் முன்பு அறிவிப்பது என்று எழுதுங்கள். மேம்பாட்டாளரின் சின்னத்தை மூலையில் போடும் ஆசையை விடுங்கள். மாநகர் மன்றம் அதை விளம்பரம் என்று பார்த்தால் லைசென்ஸ் கேட்கும்.

ஒப்படைக்கும் கோப்பில் நிற எண்கள், பசையின் பெயர், ஆங்கர் வரைபடம், பொறியாளர் கையெழுத்து, எந்தச் சோப்பில் கழுவலாம், எதில் கூடாது, உபரிச் சில்லு எந்த அறையில் என்பதெல்லாம் இருக்க வேண்டும். முதல் பொதுக்கூட்டத்திலேயே அதை ஜேஎம்பியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மேனேஜ்மெண்ட் கம்பெனி மாறும்போது இப்படிப்பட்ட கோப்புகள்தான் முதலில் தொலையும் என்பதால், இன்னொரு பிரதி கலைஞரிடமும் இருக்கட்டும்.