பத்துப் பொருத்தமா, பழகிப் பார்ப்பதா?

ஆள் பொருந்துமா என்று பார்க்க வேலூர்ப் பக்கம் இன்று மூன்று வழிகள் புழங்குகின்றன. நட்சத்திரத்தை வைத்துப் பத்துப் பொருத்தம் பார்ப்பது பெரியவர்கள் வழி. பிறந்த தேதியை வைத்து "நீ சிம்மம், நான் விருச்சிகம், ஒத்துவராது" என்பது டேட்டிங் ஆப் வைத்திருக்கும் பிள்ளைகள் வழி. மூன்றாவது, பழகிப் பேசி முடிவெடுப்பது. நான் மூன்றாவது வழியில் கல்யாணம் செய்துகொண்டவள். என் நட்சத்திரம் மூலம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். இப்போது என் சித்தி மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். எந்த வழி சரி என்று அவள் கேட்டதால்தான் இவ்வளவும் யோசித்தேன்.

தேதி ராசியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஏப்ரல் 5 அன்று பிறந்தவர் மேலைநாட்டுக் கணக்கில் மேஷம். நம் பஞ்சாங்கப்படி அன்று பங்குனி மாதம், சூரியன் இன்னும் மீனத்தில் இருக்கிறது. இரண்டு கணக்குக்கும் நடுவில் ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம். போதாததற்கு, நாம் "ராசி" என்று சொல்வது பிறந்தபோது சந்திரன் நின்ற இடத்தை. ஒரே ஆளுக்கு மூன்று ராசி வரலாம். இங்கிலாந்து, வேல்ஸில் 2001-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கிலிருந்து சுமார் ஒரு கோடி தம்பதிகளின் பிறந்த தேதிகளை டேவிட் வோஸ் என்ற ஆய்வாளர் அலசினார். எந்த ராசிக்காரரும் குறிப்பிட்ட இன்னொரு ராசிக்காரரை அதிகமாகத் தேடிக் கட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. முதல் நாள் பேச்சைத் தொடங்க இந்த ராசி உதவும். அதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

பத்துப் பொருத்தத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்று தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு அது. அதில் எனக்குப் பிடித்த நல்லது ஒன்று உண்டு. வேண்டாம் என்று சொல்ல மரியாதையான வழியை அது கொடுக்கிறது. "ஜாதகம் சேரலைங்க" என்றால் பெண் கறுப்பு, பையன் சம்பளம் குறைவு என்ற பேச்சே எழாது. இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் இல்லை. குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் நாலு தெரு தாண்டினால் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே இது சின்ன விஷயமல்ல.

ஆனால் அது எதை அளக்கிறது என்று பாருங்கள். பத்தும் இருவரின் நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்தே கணக்கிடப்படுபவை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அந்த ஒரு நாளுக்குள் பிறந்த எல்லாப் பெண்களுக்கும் ஒரு பையனோடு கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும். 27 நட்சத்திரத்துக்கு 27 என்று வைத்தால் 729 கட்டங்கள்; உலகத்தில் உள்ள அத்தனை ஜோடிகளும் அதற்குள் அடங்கிவிட வேண்டும். முழு ஜாதகம் பார்க்கிற ஜோதிடர் லக்னம், ஏழாமிடம், செவ்வாய் எல்லாம் பார்ப்பார், உண்மைதான். ஆனால் பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசிதான் லக்னம்; அது சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. எங்கள் ஆயா காலத்தில் பிறந்த நேரம் என்றால் "மாடு மேய்ச்சலுக்குப் போற நேரம்" தான். பழைய சூத்திரப்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும் இன்றைய வானியல் கணக்கை வைத்த திருக்கணிதமும் சில நாட்களில் நட்சத்திரம் முடியும் நேரத்தில் மணிக்கணக்கில் மாறுபடும். எல்லையில் பிறந்தவர்களுக்கு நட்சத்திரமே மாறிவிடும்.

இதில் அடிபடுவது பெண்கள்தான். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு. நாலு நட்சத்திரம் என்றால் ஏழு பெண்களில் ஒருத்தி. அவள் எப்படிப்பட்டவள் என்று யாரும் கேட்பதற்குள் ஜாதகம் திரும்பி வந்துவிடும். எனக்கும் பலமுறை அப்படித் திரும்பி வந்தது. இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கடைசியில் "எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நீ வா" என்று சொன்னவர் என் மாமனாரேதான்.

எனக்கு முடிவைத் தந்த காரணம் இது எதுவுமில்லை. பதிலைத் திரும்பக் கேட்க முடியுமா என்பதுதான் அது. பொருத்தம் ஒரு நாள் பார்ப்பது. பத்துக்கு ஏழு என்று எழுதி வாங்கி, மஞ்சள் தடவிப் பூஜையறையில் வைத்தால் அதோடு சரி. அதன் பிறகுதான் வாழ்க்கை மாற ஆரம்பிக்கிறது. நான் மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியன், மாதத்தில் சில வாரம் நைட் டூட்டி. அவருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கல்யாணத்துக்கு முன்பே பேசியவை இவை: நைட் டூட்டியை விடமாட்டேன், என் சம்பளத்தில் ஒரு பங்கு அம்மாவுக்குப் போகும், வாலாஜாவில் மாமியார் வீட்டிலா, சத்துவாச்சாரியில் வாடகைக்கா, அவர் தங்கைக்காக எடுத்த சீட்டு எப்போது முடியும். குழந்தை பிறந்ததும் இந்தப் பதில்களில் பாதி செல்லாமல் போயின. மறுபடி உட்கார்ந்தோம். நைட் டூட்டி அன்று குழந்தையை யார் பார்ப்பது என்பதில் மனக்கசப்பே வந்தது. மாமியார் எங்களோடு வந்து இருக்க ஒப்புக்கொண்ட பிறகு அதையும் மாற்றினோம். முதல் தடவை பேசிய பழக்கம் இருந்ததால்தான் இரண்டாம் தடவை பேச வாய் வந்தது.

தசாசந்தி பார்ப்பது வருங்காலத்துக்காகத்தானே என்று என் பெரியப்பா கேட்டார். ஒரு கிரகத்தின் ஆட்சிக் காலம்தான் தசை; இருவருக்கும் அது மாறும் காலம் ஒன்றாக வரக் கூடாது என்பது அந்தக் கணக்கு. கஷ்டம் எப்போது வரும் என்று அது சொல்லலாம். வரும்போது யார் லீவு போடுவது, யார் நகையை அடகு வைப்பது என்று சொல்லாது. வேலூர் மாதிரி ஊரில் ஒருவருக்குக் காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயில், இன்னொருவருக்கு ஷூ கம்பெனி, இல்லையென்றால் ஆஸ்பத்திரி டூட்டி என்று இருக்கிறது. வாரத்தில் எத்தனை வேளை இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள் என்பதே பெரிய பொருத்தம். அதுவும் வேலை மாறினால் மாறும்.

சித்தி மகளுக்குச் சொன்னது: வரிசையை மாற்று. முதலில் பேசு, பிடித்திருந்தால் வீட்டு மனநிறைவுக்காக ஜாதகம் பார்க்கட்டும். வள்ளிமலையில் போய்க் கல்யாணம் கூடிவர வேண்டுகிறோமே, அந்த வள்ளியும் தினைப்புனத்தில் பேசிப் பழகித்தான் முருகனைக் கைப்பிடித்தாள். அத்தை மகன் வரனாக வந்தால் நட்சத்திரத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை பார். தலசீமியா போன்ற பரம்பரை ரத்த நோயின் கூறு ஒன்றை இருவருமே தெரியாமல் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

என் அனுபவத்துக்கு எல்லை உண்டு. எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்களே ஆகின்றன. ஜாதகம் மட்டும் பார்த்து மணவறையில்தான் முதன்முதலாக முகம் பார்த்த என் அப்பா அம்மா முப்பது வருடத்துக்கு மேல் நன்றாகவே இருக்கிறார்கள். பழகிப் பார்க்க என் வீடு இடம் கொடுத்தது, எல்லா வீடும் கொடுக்காது. நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் போனில் பேசும் மாதங்களில் இதையெல்லாம் கேட்டுக்கொள்ளலாம் என்று அவளிடம் சொன்னேன். "பத்திரிகை அடிச்ச பிறகு வேண்டாம்னு சொல்ல முடியுமாக்கா?" என்று கேட்டாள். சித்தப்பாவிடம் நான் பேசுகிறேன், நிச்சயத்துக்கு முன்னாலேயே நாலைந்து தடவை பார்த்துப் பேச விடச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.