ஒரே ராஜா வேடம், இரண்டு நடிகர்கள்: பிளம்மரா, ஷாட்னரா?

1956. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து ஸ்ட்ராட்ஃபோர்டில் நாடக விழா. நிரந்தர அரங்கம் அடுத்த வருடம்தான் வந்தது. அதுவரை பெரிய கூடாரம்தான். ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’யில் ராஜாவாக கிறிஸ்டோபர் பிளம்மர், அவருக்கு மாற்று நடிகர் வில்லியம் ஷாட்னர். ஒரு நாள் பிளம்மர் சிறுநீரகக் கல் வலியில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஒத்திகையே இல்லாமல் ஷாட்னர் மேடை ஏறினார். பிளம்மர் எழுந்து நின்று பேசும் இடத்தில் இவர் உட்கார்ந்து பேசினார். இவன் நட்சத்திரம் ஆவான் என்று அப்போதே தெரிந்துகொண்டதாகப் பிளம்மரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இருவரையும் ஒப்பிட எனக்கு அந்த ஒரு ராத்திரியே போதும். யோசிக்க நேரமில்லாதபோது துணிந்து ஒரு முடிவெடுப்பது ஷாட்னரின் பலம். வாராவாரம் ஓடும் தொலைக்காட்சித் தொடருக்கு வேண்டியது அதுதான். 1966 முதல் 1969 வரை ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடரில் 79 அத்தியாயங்கள். வசனத்தை நடுவில் சட்டென்று நிறுத்தி, அடுத்த சொல்லை அழுத்துவார். அதைச் செயற்கை என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கூடாரத்தின் கடைசி வரிசைவரை குரலை எட்டவைக்கப் பழகியவர்தான் தெரிகிறார். பிறகு தொலைக்காட்சியில் வக்கீல் டென்னி கிரேன் வேடத்துக்கு, அந்தத் துறையின் பெரிய விருதான எம்மி இரண்டு முறை.

பிளம்மர் வேறு ரகம். ஒரு பாத்திரத்தை ஊறப்போட்டு எடுப்பவர். திரைப்படம் உலகப் புகழைக் கொடுத்த பிறகும் மேடையை விடவில்லை. 1974-இல் ‘சிரானோ’வுக்கும் 1997-இல் ‘பேரிமோர்’ நாடகத்துக்கும் அமெரிக்க மேடை நாடகத்தின் பெரிய விருதான டோனியை வாங்கினார். 2002-இல் அதே ஸ்ட்ராட்ஃபோர்டில் லியர் மன்னனாக நின்றபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஆஸ்கர் வந்தது 82 வயதில்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? நடிப்பு கற்க வருகிறவர் பிளம்மரைப் பார்க்கட்டும். 2010-இல் அவர் நடித்த ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகம் படமாக்கப்பட்டிருக்கிறது. ஒரு வரியை எங்கே தொடங்கி எங்கே மூச்சுவிடுகிறார் என்று கவனித்தாலே ஒரு பாடம் கிடைக்கும். கேமரா முன் நிற்கப் பயப்படுகிறவருக்கு நான் ஷாட்னரைத்தான் சொல்வேன். என் மனம் பிளம்மர் பக்கம்தான். ஆனால் அன்று ஷாட்னர் மட்டும் உட்கார்ந்து பேசாமல் இருந்திருந்தால் அவரை இவ்வளவு நேசித்திருப்பேனா, தெரியவில்லை.

சரி, இருவரையும் சேர்த்தே பார்க்கவும் வழி இருக்கிறது. 1991-இல் வந்த ஆறாவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில் ஷாட்னர் தலைவராக இருக்கும் விண்கப்பலை எதிர்க்கும் தளபதி பிளம்மர். சண்டைக்கு நடுவே ஷேக்ஸ்பியர் வரிகளாக எடுத்து வீசுகிறார். அவற்றில் ‘ஐந்தாம் ஹென்றி’யின் வரியும் ஒன்று.