கிரிம்சன் கிங்: நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு

கல்லூரி விடுதியில் நண்பன் பதிந்து கொடுத்த கேசட்டில்தான் கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' ஆல்பத்தை முதலில் கேட்டேன். அதில் நான்காவது பாட்டு 'மூன்சைல்ட்'. இரண்டரை நிமிடத்தில் குரல் நின்றதும் நாடாவின் 'ஸ்ஸ்' சத்தம் மட்டும்தான் கேட்கும். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து ஃபார்வர்டு பட்டனை அழுத்திவிடுவேன். அந்த இரைச்சலுக்கு அடியில் இன்னும் ஒன்பது நிமிடத்துக்கு மேல் மூன்று பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பல வருடம் கழித்துதான் தெரிந்தது.

அதனால் 2009இல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு கைக்கு வந்தபோது எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்த ஆல்பத்தின் மெல்லிய இடங்கள் காதில் விழ வேண்டும். விழுகின்றன.

1969இல் லண்டன் வெசெக்ஸ் ஸ்டூடியோவில் இதைப் பதிந்தபோது நாடாவில் தனித்தனியாகப் பதிய இருந்தது எட்டு ட்ராக், அதாவது எட்டு தடம், மட்டும். இடம் போதாமல், பதிந்ததைச் சுருக்கி வேறு நாடாவுக்கு மாற்றி, காலியான ட்ராக்குகளில் மேலும் மேலும் பதிந்தார்கள். மாற்ற மாற்ற ஒலி மங்கும். போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன், சுருக்குவதற்கு முந்தைய நாடாக்களைத் தேடியெடுத்து அவற்றில் உள்ள ஒலிகளைப் புதிதாகக் கலந்து மிக்ஸ் செய்திருக்கிறார்.

வித்தியாசம் தெரிய முதல் பாட்டின் நடுப்பகுதியைக் கேளுங்கள். கிட்டார், சாக்ஸபோன், பேஸ், டிரம்ஸ் நான்கும் ஒன்றாகப் பாய்ந்து ஒன்றாகச் சட்டென்று நிற்கும் இடம். பழைய சிடியில் அந்த நிறுத்தங்கள் கொஞ்சம் புகைமூட்டமாக இருக்கும். இதில் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் மைக்கேல் ஜைல்ஸ் எவ்வளவு மென்மையாகத் தட்டிக்கொண்டே எவ்வளவு வேகமாகப் போகிறார் என்று இப்போதுதான் புரிந்தது. என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தின் நாயகன் அவர்தான்.

'எபிடாஃப்' பாட்டைக் குரல் இல்லாமலும் கொடுத்திருக்கிறார்கள். கிரெக் லேக்கின் குரலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று நினைத்தேன். மெல்லோட்ரான் மிஞ்சுகிறது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு நாடாத் துண்டு ஓடும் கருவி அது. எட்டு விநாடிக்குள் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். இயன் மெக்டொனால்ட் அந்த எல்லைக்குள் ஒரு வயலின் கூட்டத்தையே கடல்போல் எழுப்புகிறார். இரவில் விளக்கை அணைத்துவிட்டு இதை மட்டும் மூன்று முறை கேட்டேன்.

'ஐ டாக் டு த விண்ட்' பாட்டை இருவர் மட்டும் வாசித்த வடிவம் அழகு. ஆல்பத்தின் தொடக்கத்தில் வரும் இரைச்சலை உருவாக்கிய பதிவை ஒரு முறை கேட்டால் போதும். கூடவே வரும் டிவிடியில், சுற்றிலும் வைத்த ஸ்பீக்கர்களில் கேட்பதற்கான 5.1 மிக்ஸும், 1969 ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் வாசித்ததன் சிறு படத்துண்டும் உண்டு.

அட்டையில் அதே அலறும் முகம். வரைந்த பாரி காட்பர் கணினி நிரலாளர். ஆல்பம் வந்த சில மாதங்களில், 24 வயதில் இறந்துபோனார். சிடி அளவில் அந்த ஓவியத்தைச் சுருக்கிப் பார்ப்பது மனதுக்கு ஒப்பவில்லை. அதற்கு எல்பி உறைதான் வேண்டும்.

ஒரே ஒரு வருத்தம், ஆனால் பெரிய வருத்தம். புதிய மிக்ஸின் வரிசையில் 'மூன்சைல்ட்' பாட்டில் சுமார் மூன்று நிமிடத்தை வெட்டியிருக்கிறார்கள்! ஃபிரிப்பின் கிட்டாரும், உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனும் ஒன்றையொன்று தேடித் தடவிக்கொண்டு நடக்கும் அந்த நீளம் சிலருக்குப் பொறுமையைச் சோதிக்கலாம். ஆனால் அவ்வளவு நேரம் அமைதியில் உட்கார்ந்திருந்தால்தான் அடுத்த பாட்டின் மெல்லோட்ரான் கதவைத் திறந்துகொண்டு வரும்போது உடம்பு சிலிர்க்கும். முழு வடிவம் அதே சிடியில், கூடுதல் பாட்டுகளின் முதலிடத்தில் இருக்கிறது. அதனால் என் ப்ளேயரில் ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு, ஐந்து என்று வரிசை போட்டுக் கேட்கிறேன்.