அஞ்சு பொம்பளைங்க, நாலு ராத்திரி, இலங்கையில பெந்தோட்டை பக்கம் ஒரு ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்

நாங்க அஞ்சு பேரு, நாகர்கோயில்ல ஒண்ணா காலேஜ் படிச்சவங்க, இந்த வருசம் எல்லாருக்கும் அம்பது முடியுது. ரெண்டு வருசமா மாசம் 2,000 ரூபா வீதம் சீட்டு மாதிரி போட்டு ஆளுக்கு 48,000 சேத்து வச்சிருந்தோம், வீட்டுக்காரங்க பிள்ளைங்க யாரும் இல்லாம நாங்க மட்டும் ஒரு தடவ கடல் பக்கம் போய் இருக்கணும்னு. வேணும்னு நெனச்சது இவ்ளோதான், சமைக்க வேண்டாம், சாப்பாட்டுக்கு பில் பாக்க வேண்டாம், சின்ன பிள்ளைங்க இல்லாத இடமா இருக்கணும், ராத்திரி ஏழு மணிக்கு மேல பாட்டு ஆட்டம்னு கலகலன்னு இருக்கணும். பிள்ளைங்கள பிடிக்காம சொல்லல, எங்கயாவது ஒரு குழந்த அழுதா எங்க அஞ்சு பேர் கையும் தானா அங்க போயிரும், இருபத்தஞ்சு வருசமா பழகின கை, அதுக்கு நாலு நாள் ஓய்வு குடுக்கணும்னுதான்.

மொதல்ல நம்ம மாவட்டத்துலயேதான் தேடினோம். முட்டம், சங்குத்துறை, சொத்தவிளைன்னு இவ்ளோ அழகான கடற்கரைய வச்சுக்கிட்டு வெளிய எதுக்கு போகணும்னுதான் எனக்கும் தோணிச்சு. ஆனா கேட்ட எடமெல்லாம் ஃபேமிலியா வந்து தங்குற எடம், ராத்திரி எட்டரைக்கு சாப்பாட்ட எடுத்து வச்சுட்டு லைட்ட அணைச்சிருவாங்க, குடியையும் சேத்து பேக்கேஜ்ங்கறது நம்ம ஊர்ல நான் கேள்விப்பட்டதே இல்ல. கடலும் பாக்கத்தான் அழகு, எறங்க முடியாது. 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்ல அஞ்சு மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ் அலையில போன பிறகு எங்க அஞ்சு வீட்லயும் கடல்ல கால் வைக்கதுக்கே பயம். கோவளமும் வர்க்கலையும் பாத்தோம், அங்க பெரியவங்களுக்கு மட்டும்னு கெடச்சது ஆயுர்வேதம் யோகான்னு சத்தமே இல்லாத எடங்கதான், எண்ணெய் தேய்ச்சு படுத்துக்கணும். எங்களுக்கு வேண்டியது அதில்ல.

அப்பதான் குவைத்ல நர்சா இருக்குற எங்காளு சொன்னா, ஏட்டி, கொழும்புக்கு எனக்கு இங்கேருந்தே நேர் ஃப்ளைட் இருக்கு, நீங்க நாலு பேரும் திருவனந்தபுரத்துலேருந்து ஏறுங்கன்னு. கணக்கு போட்டு பாத்தா ஆச்சரியமா இருந்திச்சு, நாகர்கோயில்லேருந்து ஏர்போர்ட்டுக்கு கார்ல ரெண்டு மணி நேரம், அங்கேருந்து கொழும்புக்கு பறக்கது ஒரு மணி நேரம், சென்னைக்கு போகணும்னா ரயில்ல ஒரு ராத்திரி முழுக்க போயிரும். டிக்கெட் போக வர 17,000 சொச்சத்துக்கு கெடச்சது. ஈடிஏ, அதாவது இலங்கைக்குள்ள போறதுக்கான அனுமதி, ஆன்லைன்லயே எடுத்தோம்.

இலங்கையோட தென்மேற்கு கரையில, பேருவளைலேருந்து பெந்தோட்டை தாண்டி கீழ வரைக்கும், சாப்பாடு, குடி எல்லாம் ஒரே காசுல சேருற ஆல் இன்க்ளூசிவ் ஹோட்டல் வரிசையா இருக்கு. நாங்க தங்கின ஹோட்டல் பேர நான் போடல, கொற சொல்ல வேண்டியதும் இருக்கு, அதே விலையில அதே மாதிரி இன்னும் பல எடம் இருக்கு, அதனால எப்படி பாத்து எடுக்கணும்ங்கறதுதான் முக்கியம்னு எனக்கு படுது.

பெரியவங்களுக்கு மட்டும்னு போட்டிருந்தாலே கலகலப்பா இருக்கும்னு நெனச்சுராதீங்க, பாதி எடம் தேன்நிலவு ஜோடிக்காக வச்சிருக்குற அமைதியான எடம், இருபது ரூமு, மெழுகுவத்தி, அவ்ளோதான். நாங்க ஏழு எடத்துக்கு மெயில் போட்டு ஒரே கேள்விங்கள கேட்டோம், மொத்தம் எத்தன ரூம், எத்தன வயசுக்கு மேல விடுவீங்க (சில எடம் 16, சில எடம் 18), வாரத்துல எந்தெந்த நாள் பாட்டு, எத்தன மணி வரைக்கும், பார் எப்ப தொறந்து எப்ப மூடும், எந்த குடி சேரும் எது சேராது, தண்ணி பாட்டில் சேருமா, சாயங்காலம் டீ பலகாரம் உண்டா. நாலு பேருதான் பதில் போட்டாங்க. அதுல ஒருத்தங்க மட்டும் வார நிகழ்ச்சி அட்டவணைய அப்படியே ஃபோட்டோ எடுத்து அனுப்பினாங்க, நூறு ரூமுக்கு மேல உள்ள எடம், அதத்தான் புக் பண்ணினோம். ரூம் கூட இருந்தாத்தான் ஆள் இருக்கும், ஆள் இருந்தாத்தான் ஆட்டம் இருக்கும்.

நாள் பாக்கதுலயும் விசயம் இருக்கு. அந்த கரையில நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும்தான் கடல் அடங்கி இருக்கும், மே வந்தா தென்மேற்கு பருவக்காத்து, விலை கொறையும் ஆனா கடல்ல செவப்புக் கொடி, ஹோட்டல்ல ஆளும் கம்மி. நாங்க பிப்ரவரில போனோம், மண்டைக்காட்டு கொடைக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துரணும்னு ரெண்டு பேருக்கு கட்டாயம்.

இப்ப பிளான் கதை. இதுலதான் நாங்க தப்பு பண்ணினோம், நல்லா கவனிங்க. எங்கள்ல மூணு பேருக்கு ஒரு கிளாஸ் குடிக்கதுல விருப்பம் உண்டு, நானும் மார்த்தாண்டத்துக்காரியும் தொடவே மாட்டோம். ஒரே ரூம்ல உள்ளவங்க எல்லாரும் ஒரே பிளான்தான் எடுக்கணும்ங்கறது அங்க விதி, ஆனா ரூமுக்கு ரூம் மாத்தலாம். அதனால மூணு பேர் ரூம் ஆல் இன்க்ளூசிவ், ராத்திரிக்கு 165 டாலர், எங்க ரெண்டு பேர் ரூம் மூணு வேள சாப்பாடு மட்டும், 95 டாலர். பேப்பர்ல பாக்க நல்லாத்தான் இருந்திச்சு. போய் எறங்கின பிறகு பாத்தா சாப்பாடு மட்டும்னா சாப்பாடு மட்டும்தான், டின்னர்ல குடிக்கற தண்ணி பாட்டிலுக்கு பில்லு, சாயங்காலம் மத்த மூணு பேரும் டீயும் கேக்கும் எடுத்துட்டு வந்து உக்காரும்போ எங்க கையில அதுக்குள்ள பட்டை இல்ல, ஜூஸ் எடுத்தா கையெழுத்து போடணும். ஆல் இன்க்ளூசிவ் எடுத்த மூணு பேருக்கு கையில பச்சைப் பட்டை, சாப்பாடு மட்டும் எடுத்த எங்க ரெண்டு பேருக்கு நீலப் பட்டை. பில் பாக்க வேண்டாம்னு வந்துட்டு ஒவ்வொரு தண்ணி பாட்டிலுக்கும் யோசிச்சு உக்காந்திருந்தேன், அது மனசுக்கு கஷ்டமா இருந்திச்சு. ரெண்டாவது நாள் காலையில ஆளுக்கு ராத்திரிக்கு 20 டாலர் கூட குடுத்து நாங்களும் பச்சைக்கு மாறிட்டோம். கூட்டமா போனா எல்லாரும் ஒரே பிளான் எடுங்க, குடிக்காதவங்களுக்கு நஷ்டம்னு தோணும், ஆனா ஒரே மேசையில ஒண்ணா இருக்கதுக்குத்தானே போறோம்.

குடிக்கறவங்களுக்கு இன்னொண்ணு, சேருறது அந்த ஊர் சரக்கு மட்டும்தான், தென்னங்கள்ளுலேருந்து எடுக்குற சாராயம், உள்ளூர் பீர், உள்ளூர் ஜின். வைன் வெளிநாடுன்னு தனிக் காசு, ரூம்ல உள்ள குட்டி ஃபிரிட்ஜும் தனிக் காசு. பார் காலையில 11லேருந்து ராத்திரி 11 வரைக்கும். எங்க ஃப்ளைட் சாயங்காலம் எறங்கி, ஏர்போர்ட் இருக்குற கட்டுநாயக்கலேருந்து எக்ஸ்பிரஸ்வேல வந்து வெலிப்பென்னல எறங்கி ஹோட்டல் சேரும்போ ஒம்பது தாண்டியாச்சு, டின்னர் எடுத்து வைக்கற நேரம், மொத நாள் குடுத்த காசுக்கு பாதி கூட கெடைக்கல. காலையில போற மாதிரி ஃப்ளைட் எடுங்க. வேன் ஹோட்டல்ல கேட்டா 90 டாலர் சொன்னாங்க, நாங்க வெளிய பேசி 60க்கு முடிச்சோம். நம்ம ஒரு ரூபாக்கு அவங்க ரூபா மூணு சொச்சம், அதனால கிட்டத்துல போறதுக்கு பிக்மி ஆப்ல ஆட்டோ போட்டா ரொம்ப கம்மியாத்தான் வரும்.

ராத்திரி எப்படி இருந்திச்சுன்னா, கொள்ளாம், சத்தியமா கொள்ளாம். டீஜே காது கிழிக்கும்னு பயந்தேன், வாரத்துல ஒரு நாள்தான் அது. மத்த நாள்ல கிடாரு, தோல்மேளம் வச்சு நாலு பேரு மேசை மேசையா வந்து பைலான்னு அந்த ஊர் ஆட்டப்பாட்டு பாடுறாங்க, அந்த தாளம் கேட்டா ஒக்காந்திருக்க முடியாது. பக்கத்து மேசையில ஜெர்மன்காரங்க எட்டு பேரு, எல்லாரும் எழுபது வயசு தாண்டினவங்க, அவங்கதான் மொதல்ல எழுந்தாங்க. அதுல ஒரு அம்மா வந்து எங்க டீச்சர் கையப் பிடிச்சு இழுத்தாங்க, முப்பது வருசமா ஸ்கூல்ல பிள்ளைங்கள சத்தம் போடாதேன்னு சொன்னவ, அன்னைக்கு சிரிச்ச சிரிப்பு கடல் வரைக்கும் கேட்டிருக்கும். யாரும் திரும்பி பாக்கல. அதத்தான் சொல்ல வாறேன், அம்பது வயசு பொம்பளைங்க அஞ்சு பேரு சேந்து சத்தமா சிரிச்சா யாரும் திரும்பி பாக்காத ஒரு எடம், அதுக்குத்தான் நாங்க ரெண்டு வருசம் காசு சேத்தது.

சாப்பாட்டுல வெள்ளக்காரங்க பக்கம் போகாதீங்க, அந்த பாஸ்தாவும் வேகவச்ச காய்கறியும் மூணாவது நாளும் அதேதான். மூலையில கறிச்சட்டி வரிசையா வச்சிருப்பாங்க, அங்க போங்க. கொரக்கா போட்டு வத்த வச்ச மீனு, நம்ம கொடம்புளி புளிப்பு அப்படியே. இடிச்சக்கய, பிஞ்சுப் பலாக்கா, தேங்காப்பால்ல வச்சிருந்தாங்க, எங்க அம்ம வைக்கறத விட கொஞ்சம் காரம் கூட. காலையில அவிச்ச மரச்சீனியும் தேங்கா சம்பலும், குளச்சலுக்கு வாழ்க்கப்பட்டு போனவ அத மட்டுமே நாலு நாளும் சாப்பிட்டா. ஆப்பம் ஒரு பையன் நின்னு சுட்டுக்கிட்டே இருப்பான், ஓரம் நம்ம ஆப்பத்த விட மொறுமொறுன்னு இருக்கும், நடுவுல முட்ட. அந்தப் பையன் ஹட்டன் பக்கம் மலையகத்து தமிழ்ப் பையன், அக்கா இன்னும் ஒண்ணு போடட்டான்னு கேக்கும்போ வீட்டு நெனப்பு வந்துட்டு.

கொறையும் சொல்லணும். ரூம் பழசு, இணையத்துல உள்ள படம் பல வருசத்துக்கு முந்தினதா இருக்கணும். எங்க ஏசிலேருந்து ராத்திரி முழுக்க சொட்டு விழுந்திச்சு, ரெண்டு தடவ சொல்லியும் ஆள் வரல, மூணாவது தடவ நர்ஸ் போய் ரிசப்ஷன்ல நின்ன பிறகுதான் ரூம் மாத்தி குடுத்தாங்க. சுடுதண்ணி வர பத்து நிமிசம். ஹோட்டல் வேலி தாண்டி மணல்ல கால் வச்சா போதும், போட்ல வாங்க, ஆமை காட்டுறோம், நகை வாங்குங்கன்னு பின்னாலயே வருவாங்க, வேண்டாம்னு ஒரு தடவ சொல்லிட்டு நடந்துரணும், நின்னு பேசினா முடியாது. நல்ல பூல் இருக்குதான்னு பாத்து எடுத்தது எவ்ளோ நல்லதுன்னு அப்பதான் தெரிஞ்சது, எங்க நீச்சல் எல்லாம் அங்கதான்.

எங்களுக்கு தெரியாம மாட்டினது போயா. இலங்கையில ஒவ்வொரு பௌர்ணமியும் போயா நாள், நாடு முழுக்க மது விக்கக் கூடாது. எங்க மூணாவது நாள் நவம் போயா. காலையிலயே பார் மேல துணி போட்டு மூடிட்டாங்க, அன்னைக்கு பாட்டும் கெடையாது, காசு மட்டும் அதே ஆல் இன்க்ளூசிவ் காசுதான், ஒரு டாலர் கூட கொறைக்கல. புக் பண்ணும்போ ஒரு வரி சொல்லியிருக்கலாம், அது எனக்கு இப்பவும் வருத்தம்தான். நம்ம வீட்ல தொங்குற தினக் காலண்டர்லயே பௌர்ணமி போட்டிருக்கு, அத பாத்துட்டு தேதி போடுங்க.

ஆனா அந்த போயா அன்னைக்குத்தான் வெளிய போனோம். அளுத்கமலேருந்து காலிக்கு ரயில், கடல ஒட்டியே போகுது, ஜன்னல்ல உப்புக்காத்து. ஹிக்கடுவக்கு முன்னாடி பெரலியங்கற எடத்துல பெரிய புத்தர் செல தெரியும், 2004 சுனாமில அந்த எடத்துலதான் ரயில அலை அடிச்சு 1,000 பேருக்கு மேல போனாங்க. குளச்சல்காரி அந்த எடம் தாண்டுற வரைக்கும் பேசவே இல்ல, அதே நாள் காலையில அவ தெருவுல எத்தன பேர எடுத்தாங்கன்னு எங்களுக்கும் தெரியும், நாங்களும் பேசல. காலி கோட்ட டச்சுக்காரன் பெலமா கட்டி வச்ச கோட்ட, 1741ல குளச்சல்ல மார்த்தாண்ட வர்மா கிட்ட தோத்த அதே கூட்டம், அவனுங்க படை வந்ததே இலங்கையிலேருந்துதான். புலியூர்க்குறிச்சி உதயகிரி கோட்டையில, அந்தப் போர்ல பிடிபட்ட டச்சு தளபதி டிலனாய் கல்லறைய பாத்து வளந்தவங்களுக்கு அந்த மதில்ல நடக்கது வேற மாதிரி இருக்கும்.

மொத்தமா ஆளுக்கு, நடுவுல பச்சைப் பட்டைக்கு மாறினது உள்பட, 45,000 பக்கத்துல வந்திச்சு. சீட்டு காசுல மிச்சம் உள்ளத அப்படியே வச்சிருக்கோம். நாலு ராத்திரி போதும், அஞ்சாவது நாள் சாப்பாடு சலிச்சிரும். கடைசி நாள் பகல் 12 மணிக்கு பட்டைய வெட்டிருவாங்க, ஃப்ளைட் சாயங்காலம்னா மதியச் சாப்பாடு உண்டான்னு மொதல்லயே கேட்டு எழுதி வாங்கிக்கணும், எங்களுக்கு குடுத்தாங்க.

நர்சுக்கு அடுத்த லீவு நவம்பர்ல. காலண்டர் எடுத்து பௌர்ணமிய சுத்தி வட்டம் போட்டாச்சு.